கேட்டுக்கு வெளியே அரைத்த மாவு

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. பாத்திரம் கழுவுவேன். கழுவி முடித்ததும் கழுவிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவுவேன். அந்த வாரம் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பளபளத்த மாதிரி எந்தக் கிறிஸ்துமஸுக்கும் பளபளத்ததில்லை. எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவால் வந்தது. ஒரு குழுவுக்காகவா இப்படி ஒருத்தி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வாள் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எங்கள் டவுன்ஷிப்பில் ஒரு குழு என்றால் அது தெரு மாதிரி. அங்கே ஒருவரை ஒன்று சொன்னால் தெருவில் வைத்துச் சொன்னதுதான்.

எங்கள் பக்கத்து நாலைந்து ப்ளாக்குகளுக்கான குழு அது. இன்று தண்ணீர் எப்போது வரும், யார் வீட்டு மாடு யார் வீட்டு வேலியை மேய்ந்தது, பாம்பு பிடிக்கிறவர் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா, இந்த மாதிரி விஷயங்கள் ஓடும். ரிட்டயர் ஆகிறவர்கள் க்வார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும் என்பதால் கட்டில், பீரோ, ஊஞ்சல், ரோஜாத் தொட்டி என்று விற்பனைக்கும் பஞ்சமில்லை. அவசரத்துக்கு ரத்தம் வேண்டும் என்று கேட்டால் ஆள் வந்துவிடும். நல்ல குழுதான். நான் இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன்.

அட்மின்கள் மூன்று பேர். ஒருவர் அனல்மின் நிலையத்தில் எலெக்ட்ரிகல் பிரிவு. இன்னொருவர் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவு, எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர். மூன்றாவது ஆள் நான். சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பதைத் தவிர வெளிவேலை இல்லாதவள். அவர்கள் இருவரும் ஷிப்டுக்கு உள்ளே போய்விட்டால் போனைப் பார்க்க முடியாது. ஆகவே யார் எப்போது குழுவைப் பார்ப்பது என்று வாராவாரம் ஓர் அட்டவணை போட்டுக்கொண்டோம். சுரங்கத்தையும் பாய்லரையும் ஷிப்ட் போட்டு ஓட்டுகிற ஊரில் குழுவையும் ஷிப்ட் போட்டுத்தான் ஓட்டுவோம். எனக்கு மட்டும் ஷிப்ட் மாறாது, எப்போதும் மத்தியானத்திலிருந்து இருட்டும் வரை. "நீங்க ஜெனரல் ஷிப்ட்ங்க" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருப்பவளுக்கு எது டியூட்டி, எது ஆஃப் என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

அதில் ஒரு சட்டம் இருந்தது. எலெக்ட்ரிகல்காரர் கொண்டுவந்த சட்டம். மின்சார வேலையில் எல்.சி., அதாவது லைன் கிளியர் என்று ஒன்று உண்டு. ஒரு லைனில் ஏறி வேலை செய்ய வேண்டுமானால் முதலில் சப்ளையை நிறுத்தி, சுவிட்சில் தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவார்கள். வேலை முடிந்து அந்த ஆளே வந்து எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி சப்ளை போடலாம். மேலதிகாரியே வந்தாலும் வேறொருவர் அந்த அட்டையைத் தொடக் கூடாது. தொட்டால் மேலே இருப்பவன் கருகிப்போவான். அங்கே அது உயிரைக் காக்கிற ஒழுங்கு. நான் கும்பிடுகிறேன்.

அதைக் குழுவுக்குக் கொண்டுவந்ததுதான் கூத்து. ஒரு தேர்தல் சமயம், ஒருவரை எலெக்ட்ரிகல்காரர் நீக்குவார், அதே ஆளைக் கன்வேயர்காரர் சேர்ப்பார், இவர் மறுபடி நீக்குவார். அந்த ஆள் பாவம், வாசலில் செருப்பைக் கழற்றுவதா போடுவதா என்று தெரியாமல் நின்றார். அந்தச் சண்டை முடிந்த பிறகு எழுதாத ஒப்பந்தம் ஒன்று வந்தது. ஒருவர் ஷிப்டில் நடந்ததில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. யார் நீக்கினாரோ அவர்தான் திருப்பிச் சேர்க்க வேண்டும். நீக்கும்போது காரணத்தைக் குழுவில் எழுதிவிட்டுத்தான் நீக்க வேண்டும். எனக்கும் அன்று அது நியாயமாகத்தான் பட்டது.

இனி மாவு விற்கும் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் டவுன்ஷிப் எல்லையில் இருக்கும் ஆர்ச் கேட்டுக்கு வெளியே உள்ள ஒரு கிராமத்துக்காரி. சுரங்கத்துக்காக நிலம் கொடுத்துவிட்டு இடம் மாறி வந்து குடியேறிய ஊர் அது. கணவர் கான்ட்ராக்ட் வேலை. இவள் வீட்டில் இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து, பாக்கெட் கட்டி, ஸ்கூட்டரில் எங்கள் ப்ளாக்குகளுக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். முந்தின நாள் குழுவில் யார் யாருக்கு வேண்டும் என்று எழுதினால் போதும், காலையில் வாசலில் ஹாரன் கேட்கும். வாய் கொஞ்சம் நீளம். "அக்கா, நீங்க ஊத்தற இட்லி கல்லா இருந்தா எம்மாவச் சொல்லாதீங்க, உங்க அடுப்பச் சொல்லுங்க" என்பாள். எனக்கும் வாய் நீளம் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவள் மகள் டவுன்ஷிப் பள்ளியில் படித்தாள். அந்தப் பெண்ணுக்கு இங்கே இடம் கிடைத்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "எம்பொண்ணு பேசறதக் கேட்டா நீங்களே க்வார்ட்டர்ஸ் பொண்ணுன்னுதான் சொல்வீங்க" என்று அவள் ஒருமுறை சொன்னபோது எனக்கு ஏனோ சுருக்கென்றது. க்வார்ட்டர்ஸ் பெண்ணாக இருப்பதில் என்ன பெருமை என்று கேட்க நினைத்தேன். நான் பிறந்ததிலிருந்து க்வார்ட்டர்ஸில் இருப்பவள், எனக்கு அது கேட்பதற்குச் சுலபமான கேள்வி. அதனால் கேட்கவில்லை.

சித்திரை வெயில். வாங்கிய மாவை மேடையில் வைத்துவிட்டு மறந்தால் மத்தியானத்துக்குள் பொங்கிவிடும். எங்கள் குழுவில் ஓர் அதிகாரி இருந்தார். தினமும் காலை ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் சொல்பவர், யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் வீட்டில் வாங்கிய மாவு புளித்துவிட்டது போலிருக்கிறது. மறுநாள் காலை ரோஜாப்பூவுக்குக் கீழே இப்படி எழுதினார்.

"கேட்டுக்கு வெளியே இருப்பவர்கள் வீட்டில் அரைத்த மாவை நாம் ஏன் வாங்க வேண்டும்? அவர்கள் வீட்டுச் சுத்தம் எப்படியோ, யாருக்குத் தெரியும்? நம் பிள்ளைகளின் உடம்பு முக்கியம். யார் மனதையும் புண்படுத்த எழுதவில்லை. நன்றி." கடைசியில் கைகூப்பும் படம்.

வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. "உண்மை சார்." "நல்ல விழிப்புணர்வு சார்." அப்படி எழுதியவர்களில் பாதிப் பேர் வீட்டு ஃப்ரிட்ஜில் அந்த நேரம் அவள் மாவு இருந்தது எனக்குத் தெரியும். யாருடைய சுத்தத்தைப் பற்றி, எதை மனதில் வைத்துக்கொண்டு இந்த ஊரில் இப்படிப் பேசுவார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். மாவு புளித்தது என்று எழுதியிருக்கலாம். காசைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். அவர் வீட்டைச் சொன்னார், ஆட்களைச் சொன்னார்.

அப்போது குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கன்வேயர்காரர். படித்தார். கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. விட்டுவிட்டார்.

அவள் டெலிவரி முடித்து வீட்டுக்குப் போய்த்தான் போனைப் பார்த்திருக்கிறாள். அதற்குள் அட்டவணைப்படி எலெக்ட்ரிகல்காரரின் நேரம் வந்துவிட்டது. அவள் எழுதியது இரண்டே வரி. முதல் வரியில் அந்த அதிகாரியின் அம்மாவை இழுத்து ஒரு சொல். அச்சில் போட முடியாத சொல்தான், நான் பூசி மெழுக மாட்டேன். இரண்டாவது வரி, "உன் வூட்டுப் பொம்பள எம்மாவுலதான் இட்லி ஊத்தி உனக்குப் போட்டுகினு இருக்குது, போய்க் கேளு."

எலெக்ட்ரிகல்காரர் உடனே காரணத்தை எழுதினார்: "ஆபாசமான வசைச்சொல்." அவள் எழுதியதை அழித்தார். அவளை நீக்கினார். அவர் ஷிப்டில் அவர் செய்தது சரி. கன்வேயர்காரர் ஷிப்டில் அவர் செய்யாமல் விட்டதும் சட்டப்படி சரி. இரண்டு சரியும் சேர்ந்ததில், ரோஜாப்பூவுக்குக் கீழே அந்த வரிகள் கம்பீரமாக உட்கார்ந்திருந்தன, அவள் வெளியே நின்றாள்.

நான் மாடியில் வற்றல் காயவைத்துவிட்டு வந்து போனை எடுத்தால் இதுதான் நிலைமை. எலெக்ட்ரிகல்காரருக்குப் போன் போட்டேன். அவர் அன்றைக்குத்தான் லீவில் சொந்த ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், குலதெய்வக் கோயில் திருவிழா.

"சார், அந்தப் பொண்ணைச் சேர்த்துடலாம். அவங்க பேசினது தப்புதான், ஆனா அதுக்கு முன்னாடி அவர் எழுதினதைப் படிச்சீங்களா?"

"அது என் ஷிப்டு இல்லைங்க மேடம்."

"உங்க ஷிப்டு இல்லைன்னா கண்ணு தெரியாதா சார்?"

"கோபப்படாதீங்க. பச்சையா அம்மாவைத் திட்டுனத நான் விட முடியுமா? லேடீஸ் எல்லாம் இருக்கற குரூப். எல்.சி. என் பேர்ல இருக்கு. திருவிழா முடிஞ்சு நான் வந்துதான் பார்க்கணும். அதுவரைக்கும் நீங்க கை வைக்காதீங்க, நாளைக்கு உங்க எல்.சி.ய நான் தொட்டா நீங்க ஒத்துக்குவீங்களா?"

லைனில் யாரும் ஏறி நிற்கவில்லையே, யார் சார் கருகப்போகிறார்கள் என்று கேட்டேன். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டார்.

என்னிடமும் அட்மின் பொத்தான் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் அவள் உள்ளே வந்துவிடுவாள். கட்டைவிரலை அதன் மேல் வைத்து வைத்து எடுத்தேன். நான் சேர்த்தால் அவர் நீக்குவார், பழைய கூத்து மறுபடி ஆரம்பிக்கும், அதன் நடுவில் மிதிபடுவது அவள் பெயர்தான். வீட்டுக்குள் நடந்தேன். கிணற்றடி மாதிரி ஈரமாகிவிட்டது சமையலறை, அவ்வளவு கழுவினேன்.

கணவர் ஷிப்ட் முடிந்து வந்தார். சொன்னேன். "உனக்கெதுக்கும்மா ஊர் வம்பு? அந்த மெசேஜ் போட்ட சார் எங்க டிபார்ட்மென்ட்டு. நாளைக்கு நான் அவர் முகத்தைப் பார்க்கணும்" என்றார்.

"நான் அவ முகத்தைப் பார்க்கணுமே. காலையில எனக்கு மாவு கொண்டுவர்றது யாரு, உங்க சாரா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். எங்கள் வீட்டில் விவாதங்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடியும்.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தாள். ஸ்கூட்டர் முன்பெட்டியில் பாக்கெட்டுகள் கொஞ்சம்தான் இருந்தன. குழுவில் இல்லாதவளுக்கு யார் ஆர்டர் சொல்வது? நான் அதைப் பற்றிப் பேச வாய் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"யாவாரம் போனா போவட்டும்க்கா, நாலு கடையில போட்டாக்கூட ஓட்டிடுவேன். எம்பொண்ணு ஸ்கூலுக்குப் போவலக்கா. போவ மாட்டேன்னு மூஞ்சத் திருப்பிகினு படுத்துகினு இருக்குது."

யாரோ அவள் எழுதியதைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். அழிப்பதற்குள் பிடித்தது. இரண்டாவது வரியை வெட்டிவிட்டு முதல் வரியை மட்டும் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். அது எந்தெந்த வீட்டு வழியாகவோ போய், வகுப்பில் ஒரு பிள்ளை அதை இவள் மகளிடமே காட்டி, "உங்கம்மா பேசறதைப் பாருடி" என்றிருக்கிறது. மகள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டாளாம். "உன்ன யாரு அப்படி என்னா சொல்லிட்டாங்க?"

"சொல்ல வேண்டியதுதானே, அவர் இப்படி எழுதினார்னு?"

"சொன்னேன்க்கா. நம்பல. அந்த சாரு ஸ்கூல் ஃபங்ஷனுக்கெல்லாம் வருவாரு, நல்லவரு, அப்படில்லாம் எழுதியிருக்க மாட்டாருன்னுது. காட்டலாம்னா, நான் ஆத்திரத்துல அந்தக் குரூப்பயே போன்லேர்ந்து அழிச்சிட்டேன்."

ஒரு பெண்பிள்ளை தன் அம்மாவைவிட ரோஜாப்பூ அனுப்புகிறவரை நம்புகிறது. அதில் அந்தப் பிள்ளையின் தப்பு ஒன்றுமில்லை. அப்படித்தான் நாம் வளர்த்திருக்கிறோம், நாசூக்காகப் பேசினால் நல்லவர், சத்தம் போட்டால் கெட்டவர் என்று. நானும் டியூஷன் பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படம் எடுத்துத் தருகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. குழுவில்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்ற நினைப்பு. முதலில் இவளைக் குழுவுக்குள் கொண்டுவர வேண்டும், மானமாகக் கொண்டுவர வேண்டும், அதுவே என் மண்டைக்குள் ஓடியது.

அந்த வார ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் கன்வேயர்காரரைச் சர்ச் வாசல் மரத்தடியில் மடக்கினேன். பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனைவியோடு பைக்கை எடுக்கப் போனவர், என்னைப் பார்த்ததும் சாவியைத் தேடுவது போல் பாக்கெட்டைத் தடவினார்.

"பிரதர், அன்னைக்கு அந்த சார் எழுதினது உங்க ஷிப்டுல. அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"நான் என்ன சிஸ்டர் செய்ய? அதுல தப்பான வார்த்தை ஒண்ணுகூட இல்லையே. நன்றின்னு வேற போட்டிருந்தாரு."

"நன்றின்னு போட்டா எதை வேணா சொல்லலாமா? நானும் உங்களை என்னென்னவோ சொல்லிட்டு நன்றி போடட்டுமா?"

அவர் மனைவி சிரித்துவிட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. நல்ல மனிதர், சண்டை பிடிக்காதவர். எல்லாரும் சமாதானமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறவர். சரி, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வீட்டுக்கு வந்து பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே போனைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே நறுக்கினேன், விரலை வெட்டிக்கொண்டேன். பிற்பகலில் அந்த வரிகள் இருந்த இடத்தில் அட்மின் நீக்கிவிட்டார் என்ற சாம்பல் நிற எழுத்து வந்தது. கீழே கன்வேயர்காரர் எழுதியிருந்தார்: "நம் குழுவில் கசப்பு வேண்டாம். இரு தரப்புப் பதிவுகளும் நீக்கப்பட்டன. இதோடு முடித்துக்கொள்வோம்."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சமமாகிவிட்டது என்று நினைத்தேன். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அவளுக்குப் போன் செய்தேன்.

"அந்த ஆள் எழுதினதையும் தூக்கிட்டாங்க. நான் சண்டை போட்டுத் தூக்க வச்சேன்."

அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடுவது கேட்டது. அவள் அதை நிறுத்தினாள்.

"யாருக்கா உங்கள அத அழிக்கச் சொன்னது?"

"என்ன இப்படிக் கேக்கற?"

"நான் சொன்னது ஊருல இருக்குற அத்தன போன்லயும் கெடக்குது. அந்தாளு சொன்னது மட்டும்தான் அங்க இருந்துது. அதயும் அழிச்சிட்டீங்க. இனிமே எம்பொண்ணுக்கு நான் எதக் காட்டுவேன்? சும்மா போற மனுசன அம்மாவ இழுத்துத் திட்டுன பொம்பளயா நான் ஆயிட்டேன்க்கா. நல்லா இருக்கு உங்க நாயம்."

அவர் எழுதியதை நான் மனப்பாடமாகச் சொல்வேன், உன் மகளிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

"நீங்க என் பக்கத்து ஆளுக்கா. எனக்காவ சொல்றீங்கன்னுதான் அது நெனைக்கும்." போனை வைத்துவிட்டாள்.

வெங்காயம் அப்படியே கிடந்தது. நான் படம் எடுத்து வைக்கவில்லை. யார் யாரிடமோ கேட்டேன். "அதை யாருங்க எடுத்து வச்சிருப்பாங்க?" என்றார்கள். சரிதான். அவள் எழுதியதை எடுத்து வைக்கத் தோன்றிய ஊருக்கு அவர் எழுதியதை எடுத்து வைக்கத் தோன்றவில்லை. ஒன்று செய்தி, இன்னொன்று அன்றாடம்.

அன்று சாயங்காலம் டியூஷன் இல்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போனேன். எதிர் வீட்டுக்காரர் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். கணவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார். நான் என்ன செய்யப் போகிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் பார்வை சொன்னது. "யோசிச்சு செய்" என்று மட்டும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக அவரை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

டீ போட்டுக் கையில் வைத்துக்கொண்டு குழுவில் எழுதினேன். அந்த அதிகாரி எழுதியதை அப்படியே எழுதினேன். எனக்கு அது மனப்பாடம். ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன்.

"கேட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் வீட்டில் அரைத்த மாவை நாம் ஏன் வாங்க வேண்டும்? அவர்கள் வீட்டுச் சுத்தம் எப்படியோ, யாருக்குத் தெரியும்? நம் பிள்ளைகளின் உடம்பு முக்கியம். யார் மனதையும் புண்படுத்த எழுதவில்லை. நன்றி." கைகூப்பும் படத்தையும் மறக்காமல் போட்டேன்.

யார் யார் படித்துவிட்டார்கள் என்ற பட்டியல்தான் முதலில் நீண்டது. பிறகு கொட்டியது பாருங்கள். "மேடம், என்ன பேச்சு இது?" "டீச்சரா இருந்துக்கிட்டு இப்படியா?" "எங்க வீட்டை வந்து பார்த்தீங்களா?" இரண்டு பேர் எங்கள் வீட்டு ஜாதகத்தையே எடுத்துப் போட்டார்கள். மாவுப் பெண்ணைப் பற்றிய பதிவுக்குக் கட்டைவிரல் காட்டிய ஒருவர், தன் மனைவி அழுகிறாள் என்று எழுதினார். அந்த மனைவியை நினைத்து எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு வருத்தமும் இல்லை என்று சொன்னால் பொய்.

கடைசியாக அந்த அதிகாரி வந்தார். ரோஜாப்பூ இல்லை. "நான் எழுதியதை அப்படியே எடுத்து, எங்களைப் போன்ற குடும்பங்களை இவ்வளவு கேவலமாக அவமானப்படுத்துகிறார் இந்தப் பெண்மணி. அட்மின்கள் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்."

இந்தமுறை நான் விடவில்லை. உடனே படம் எடுத்தேன்.

குலதெய்வக் கோயிலில் சிக்னல் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. என் டீ ஆறுவதற்குள் எலெக்ட்ரிகல்காரர் வந்தார். முதலில் என் அட்மின் பதவி போயிற்று. பிறகு காரணம் வந்தது: "ஒரு பகுதி மக்களின் வீட்டுச் சுத்தத்தைப் பற்றி இழிவாகப் பேசியது." அதையும் படம் எடுத்தேன். அதோடு நான் வெளியே. ஷிப்ட் பார்த்தால் அது என்னுடைய நேரம், ஜெனரல் ஷிப்டில் நடந்தது. அதைச் சுட்டிக்காட்டலாம் என்று நினைத்தேன், எழுத இடம் இல்லை.

மூன்றாவது ஷிப்டுக்குப் போகிறவர்களின் பஸ் வருவதற்கு இன்னும் வெகுநேரம் இருந்தது, வெளிச்சம் போகவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போனேன். அத்தனை நாள் அவள் மாவைத் தின்றும், அவள் வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. அவள் வாசலில் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. கோபம் தீரவில்லை, தீரவும் வேண்டியதில்லை. உள்ளே கட்டிலில் மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது தெரிந்தது.

அம்மாக்காரியிடம் நான் போனைக் கொடுக்கவில்லை. உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். "இதை வாசி. நான் ஒண்ணும் சொல்லலை. இதுல இருக்கறதை மட்டும் வாசி" என்றேன்.

அவள் முதலில் வாங்கவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து வாங்கினாள். நான் எழுதியதை வாசித்தாள். முகம் சுளித்தது, ஏன் இப்படி எழுதினீர்கள் என்பது போல் என்னைப் பார்த்தாள். விரலால் தள்ளினாள். "நான் எழுதியதை அப்படியே எடுத்து" என்று அந்த அதிகாரி எழுதியிருந்ததை வாசித்தாள். மறுபடி மேலே போய் நான் எழுதியதை வாசித்தாள். பிறகு கீழே வந்தாள். அட்மின் எழுதிய காரணத்தில் நின்றாள். அங்கே அவள் வெகுநேரம் நின்றாள்.

அம்மா உளுந்துப் பாத்திரத்தை விட்டுவிட்டு வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

க்வார்ட்டர்ஸ் பெண் மாதிரிப் பேசுகிறாள் என்று அம்மா பெருமைப்பட்ட அந்தப் பிள்ளை, அம்மாவைப் பார்த்து, அம்மா பேசுகிற பேச்சிலேயே சொன்னாள்:

"அப்ப அந்தாளு கேவலம்னு தெரிஞ்சிகினேதாம்மா எழுதியிருக்கான்."